வகுப்பறையில் இன்சுலின் பம்ப் நின்றுபோனால்

முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர் சிலர் இடுப்பில் சிறிய இன்சுலின் பம்ப் அணிந்து வருகிறார்கள். பாடவேளையில் அது ஒலித்தால் செல்பேசி என்று எண்ணிக் கண்டிக்க வேண்டாம். பேட்டரி தீர்கிறது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம்.

பம்ப் செலுத்துவது விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே. ஊசி போட்டுக்கொள்பவருக்கு நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் உடலில் இருக்கும். பம்ப் அணிந்தவருக்கு அந்தக் கையிருப்பு இல்லை. ஆகவே, பம்ப் நின்ற சில மணி நேரத்திலேயே சர்க்கரை ஏறி, இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள் சேரத் தொடங்கும். காலை 10 மணிக்கு நின்றதை மாலையில் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது ஆபத்து.

மாற்று பேட்டரி பையில் இருந்தால் வேலை எளிது. சில பம்புகளின் மூடியைத் திறக்க ஒரு நாணயம் வேண்டும். அதையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். சார்ஜ் செய்யும் வகையென்றால் அலுவலக அறையில் இடம் கொடுங்கள். பிறகு குளுக்கோமீட்டரில் சர்க்கரையைச் சோதிக்கட்டும். அப்படியும் பம்ப் இயங்கவில்லையென்றால் உடனே பெற்றோரை அழையுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் இன்சுலின் பேனா பயன்படுத்தலாம். அளவை நாம் முடிவு செய்யக் கூடாது.

வயிற்றுவலி என்ற பிள்ளையைப் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வது நம் வழக்கம். இந்த மாணவருக்கு அது கூடாது. வயிற்றுவலியுடன் வாந்தியோ வேகமான மூச்சோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். தேர்வு நாளில் அறைக் கண்காணிப்பாளருக்கும் முன்பே சொல்லிவையுங்கள்.