குருளையின் பற்கள்

மைசூரில் கன்னடம் பேசுவோர் நாய்க்குட்டியை 'நாயிமரி' என்பர். அம்மொழியின் 'மரி'யும், ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லாகிய 'மறி'யும் உறவுச் சொற்கள். தொல்காப்பியமோ நாயின் குட்டிக்குக் 'குருளை' என்னும் பெயரை உரியதாக்குகிறது. புலி, பன்றி, முயல் ஆகியவற்றின் குட்டிகளுக்கும் அப்பெயர் பொருந்தும்.

பிறந்த குருளைக்குப் பல் இல்லை. மூன்றாம் வாரம் முதல் பால்பற்கள் முளைக்கும். அவை 28. மூன்று, நான்கு மாதங்களில் அவை விழத் தொடங்கும். ஏறத்தாழ ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைத்த பற்கள் அமைந்துவிடும். மனிதருக்குப் பால்பற்கள் 20. நிலைத்த பற்கள் 32. குழந்தைக்குப் பல ஆண்டுகளில் நிகழும் மாற்றம் குருளைக்குச் சில மாதங்களில் நிகழ்கிறது. அதனால் ஈறு நோகும், தினவு எடுக்கும். கடித்தால் தினவு தணியும். எனவே செருப்பு, பாய், நாற்காலிக் கால் என எதுவும் அதன் வாய்க்குத் தப்புவதில்லை. கருநாடகத்தின் முதோள் நாய்க்கும் தமிழகத்தின் இராசபாளையம் நாய்க்கும் இதுவே இயல்பு. இவ்விரு இனங்களுக்கும் இந்திய அஞ்சல் துறை 2005இல் அஞ்சல்தலை வெளியிட்டது.

இவ்வியல்பை அறியாதோர் குருளையை அடிப்பர். சிலர் தெருவில் விட்டுவிடுவர். அடிபட்ட குருளை தன் பிழையை உணர்வதில்லை. அடிக்கும் கையை அஞ்சவே கற்கிறது. அஞ்சிய நாய் பின்னாளில் மனிதரைக் கடிக்கவும் கூடும். விலங்கை அடித்துத் துன்புறுத்துவதும், தக்க காரணமின்றிக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

அடிப்பதைவிட எளிய வழிகள் உள்ளன. செருப்பை உயரத்தில் வைத்தல் வேண்டும். நனைத்து முறுக்கிக் குளிரவைத்த துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். ஈற்றின் நோவு தணியும். குருளை தகாத பொருளைக் கவ்வினால், அதனைப் பிடுங்காமல், கடிக்கத் தக்க பொருளை நீட்ட வேண்டும். ஏற்றுக்கொண்டதும் பாராட்ட வேண்டும். நாள்தோறும் விளையாடிக் களைத்த குருளை குறைவாகவே கடிக்கும்.

சில பொருள்கள் உயிருக்கே கேடு விளைவிப்பன. மின்கம்பி, சாக்லேட், உலர்திராட்சை, வெங்காயம், தோட்டத்து அரளி ஆகியவற்றைக் குருளைக்கு எட்டாமல் காக்க வேண்டும். சமைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சன்னபட்டணத்து மரப்பொம்மை குழந்தைக்கு உரியது, குருளைக்கு உரியதன்று.

குருளைக்கு மூன்றாம் மாத அளவில் வெறிநோய்த் தடுப்பூசி இடப்பெறும். பல் மாறும் பருவமும் அதுவே. விளையாட்டாகக் கடித்தாலும், தோலில் பல் பதிந்தால் அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். உடனே பெரியவரிடம் கூறி, அன்றே மருத்துவரைக் காண வேண்டும். ஏச்சுக்கு அஞ்சி மறைத்தல் ஆகாது. வெறிநோய் முற்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது.

பற்கள் நிலைத்தபின் கடிக்கும் வேகம் பெரும்பாலும் தணியும். அதுவரை வீட்டார் காட்டும் பொறுமையே நல்ல நாயை உருவாக்கும்.

அருஞ்சொற்பொருள்
குருளை – நாய், புலி முதலியவற்றின் குட்டி
தினவு – அரிப்பு
சிம்பு – கூரிய சிறு துண்டு

பயிற்சி
1. குருளை பொருள்களைக் கடிப்பது ஏன்?
2. அடிபட்ட குருளை எதனைக் கற்கிறது?
3. பல் பதிந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுக.
4. ஒலியும் பொருளும் ஒத்த தமிழ், கன்னடச் சொற்கள் ஐந்தனை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.