பழைய பைக்கின் டிஸ்க் பிரேக்: பிரிக்கும் முன் லீவரைக் கேளுங்கள்

இந்தப் பகுதியை நமது தொழிற்பயிற்சி வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதி வருகிறோம். இந்த மாதப் பாடத்தை மட்டும் வீட்டில் பழைய பைக் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். டேங்கின் மேல் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை என்று கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற குடும்பங்கள் நம்மிடம் அதிகம். அந்த வழக்கம் சரியல்ல என்று பல தடவை எழுதிவிட்டோம். ஆனாலும் போகிறோம். அத்தனை பேரையும் நிறுத்துவது ஒரு டீ கிளாஸ் அளவுகூட இல்லாத பிரேக் ஆயில்தான்.

முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் பின் பிரேக்கையே நம்பி ஓட்டுகிறவர்கள் உண்டு. வேகத்தைக் குறைக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குத் தள்ளப்படுகிறது. அதனால் தரையை இறுகப் பற்றுவதும் அந்தச் சக்கரம்தான். மணலிலும் திருப்பத்திலும் கவனம் வேண்டும், உண்மை. அதற்காக முன் பிரேக்கைக் கெட்டுப்போக விட்டுவிடக் கூடாது.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. நாம் சொல்லப்போவது அதற்கு முந்தைய, ஏபிஎஸ் இல்லாத வண்டிகளைப் பற்றி. சில பெரிய பழைய பைக்குகளில் கிளட்சும் கேபிள் இல்லாமல் ஆயிலில் வேலை செய்யும். அங்கும் கோளாறுகள் ஏறக்குறைய இவையேதான். கிளட்ச் லீவரை முழுதாகப் பிடித்தும் கியரில் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது, நியூட்ரல் விழவில்லை என்றால் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறதா, ரப்பர் கசிகிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. லீவரை அழுத்தினால் ஹேண்டில் பாரில் உள்ள மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்கிறது. ஆயில் சுருங்காது. ஆகவே அந்த அழுத்தம் ஹோஸ் வழியாக அப்படியே கீழே போய், கேலிபரில் உள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளி, பேடை டிஸ்க்கின் மேல் அமுக்குகிறது. காற்று சுருங்கும். ஆயிலுக்குள் ஒரு குமிழி இருந்தாலும் நம் கைபலம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிவிடும்.

எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டியை நிறுத்திவைத்து லீவரைப் பிடித்துப் பாருங்கள். பஞ்சை அமுக்குவது போல இருந்து, நாலைந்து முறை அடித்தால் கெட்டியாகிறது என்றால் உள்ளே காற்று. முதலில் கெட்டியாக நின்று, அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும்போது மெல்ல மெல்ல ஹேண்டிலை நோக்கி இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. லீவரின் அடியில் தூசி ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் ஈரம் இருக்கிறதா? அது வெளி ரப்பர். லீவர் கல் போல இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை என்றால் பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது கேலிபர் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம்.

ஏற்காடு, கொல்லிமலை போன்ற இடங்களில் இறங்கும்போது மட்டும் லீவர் திடீரென்று தளர்ந்து, வண்டி ஆறிய பிறகு சரியாகிவிட்டால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது கேலிபர் சூடாகி உள்ளே ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. கீழே வந்து ஒர்க்‌ஷாப்பில் காட்டும்போது கோளாறு தெரியாது. ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். தேன் நிறத்தைத் தாண்டிக் கறுத்துவிட்டால் அந்தக் கணக்கும் வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறு ஒன்று உண்டு. ஆட்களை அதிகம் ஏமாற்றுவதும், வீண் செலவு வைப்பதும் அதுதான். நம் வகுப்புக்கு வந்த ஒரு வண்டியில் ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் முன்சக்கரம் தானாகவே இறுகிக்கொள்ளும். கொஞ்ச நேரம் நிழலில் நிறுத்தினால் விட்டுவிடும். கேலிபரையே மாற்ற வேண்டும் என்று வெளியில் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளைப் பிரிக்க விடாமல் ஒரு சோதனை செய்யச் சொன்னோம். சக்கரம் இறுகியிருக்கும்போதே கேலிபரில் உள்ள பிளீடர் நிப்பிளை லேசாகத் திறந்து, துளி ஆயில் வெளியேறச் சக்கரம் விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். விடவில்லை என்றால் குற்றம் கேலிபரில். விட்டுவிட்டால் கேலிபர் நல்லதுதான். அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. இந்த வண்டியில் சக்கரம் உடனே சுற்றியது.

மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவைத் திறந்தால் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று பெரியது, இன்னொன்று ஊசி முனை அளவே உள்ளது. ஆயில் சூடாகி விரியும்போது உபரி மேலே வருவது அந்தச் சின்னத் துளை வழியாகத்தான். அது அடைபட்டால் விரிந்த ஆயில் பேடைத் தள்ளும், பேட் உரசி இன்னும் சூடாகும், சூடாக ஆக இன்னும் இறுகும். லீவரை மிக மெதுவாக அசைத்தால் அந்தத் துளையிலிருந்து சின்ன அலை எழ வேண்டும். வேகமாக அடித்தால் ஆயில் கண்ணில் தெறிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். நமது வண்டியில் அலையே இல்லை. பழைய ஆயிலின் கசடு துளையை அடைத்திருந்தது. மெல்லிய செம்புக் கம்பியின் ஒற்றை இழையால் துளையைத் திறந்து, பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினோம். செலவு ஆயிலுக்கு மட்டும்தான். சில வண்டிகளில் துளை சுத்தமாகவே இருக்கும். அழகுக்காக மாட்டிய வேறு லீவர் பிஸ்டனை முழுதாகத் திரும்ப விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். அதையும் பாருங்கள்.

ரப்பர் மாற்ற வேண்டியிருந்தால் கிட் தனியாகக் கிடைக்கும். சிலிண்டரின் உட்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கக் கூடாது. கேலிபர் பிஸ்டனை எடுக்க, ஹோஸைக் கழற்றும் முன்பே லீவரை அடித்து அதை வெளியே வரவழைத்துவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் எடுத்தால் பிஸ்டன் குண்டு போலப் பாயும். விரல் இடையில் இருந்தால் நசுங்கும். கேலிபர் நகரும் இரண்டு பின்களையும் துடைத்து, ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். ஒரு பேட் தேய்ந்து மற்றது புதிதாக இருந்தால் பெரும்பாலும் இந்தப் பின்கள் இறுகியதே காரணம்.

பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ வேண்டாம். டப்பாவில் இன்ஜின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ ஒரு சொட்டுக்கூட வேண்டாம். பிரேக் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். அப்படி ஊற்றிவிட்டதாகத் தெரிந்தால் எல்லா ரப்பரையும் ஹோஸையும் மாற்றியாக வேண்டும். கழுவப் புது பிரேக் ஆயிலே போதும். டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்து அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், இவற்றோடு கலக்காது. பெயிண்டில் சிந்தினால் துடைத்துவிட்டு உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

காற்றெடுக்க இருவர் இருந்தால் நல்லது. நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் லீவரை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடிய பிறகே லீவரை விடச் சொல்ல வேண்டும். மூடும் முன் விட்டால் வெளிக்காற்று உள்ளே போகும். மேலே டப்பா ஒருபோதும் காலியாகக் கூடாது. குமிழி நின்றும் லீவர் பஞ்சு போலவே இருந்தால், மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட்டின் அருகே காற்று தங்கியிருக்கும். அந்த இடம் உயரமாக வரும்படி ஹேண்டிலைத் திருப்பி, லீவரைச் சின்னச் சின்னதாக அசைத்தால் மேலேறிவிடும். அந்தப் போல்ட்டைக் கழற்றியிருந்தால் இருபுறமும் புது வாஷர் போடுங்கள்.

டப்பாவில் ஆயில் குறைந்திருப்பதைப் பார்த்ததும் ஊற்றிவிடாதீர்கள். பேட் தேயத் தேய கேலிபர் பிஸ்டன் வெளியே வந்து, ஆயில் மட்டம் தானாகவே இறங்கும். முதலில் பேடைப் பாருங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமனும் அதன்மேலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும்.

பழைய வண்டியை விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. டப்பாவை நிரப்பி, லீவரை நாலுமுறை அடித்துக் கெட்டியாக்கிக் காட்டி விற்பதைப் பார்க்கிறோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். பிரேக் ஆயிலின் ஈரம் கைக்குத் தட்டுப்படாது, வாங்குகிறவரின் பிள்ளை அந்த வண்டியில்தான் உட்காரப் போகிறது. ஆயில் எப்போது மாற்றினீர்கள், என்ன கோளாறு இருந்தது என்பதை வாயால் சொல்லி விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறையட்டும்.

வேலை முடிந்ததும் ரோட்டுக்குப் போகாதீர்கள். வண்டி நின்ற இடத்திலேயே லீவரை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்து, இறங்குகிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிடித்து, விட்டதும் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு முற்றத்தில் தள்ளிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். மறுநாள் காலை எல்லா இணைப்புகளையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்து, காகிதம் உலர்ந்தே இருந்தால் சாவியோடு கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டு உரியவரிடம் கொடுத்துவிடுங்கள்.