குறுங்காலக் கடன் சொல்லும் சேதி

விதைப்புக்கு வாங்கிய கடனை அறுவடையில் தீர்ப்பவருக்குக் கவலையில்லை. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் தேடுபவர் தடுமாறுவார். கம்பனிகளுக்கும் கணக்கு இதுவே. அன்றாடச் செலவுகளுக்காகப் பெரிய கம்பனிகள் பிணையின்றி, பெரும்பாலும் ஓராண்டுக்குள் தீர்க்கும் கடனுக்கு எழுதிக்கொடுப்பதே வர்த்தகப் பத்திரம். நம்பிக்கையே அதன் ஈடு. அது தளர்ந்தால் வட்டி ஏறும்.

இந்தியாவின் ஐ.எல். அன் எப்.எஸ். குழுமம், பல்லாண்டு கழித்தே பணம் திரும்பும் வீதிகளையும் சுரங்கப்பாதைகளையும் கட்டக் குறுங்காலக் கடன்களையும் நம்பியது. 2018 செப்டெம்பரில் தவணை தவறியது. மொத்தக் கடன் ஏறத்தாழ 91,000 கோடி இந்திய ரூபாய். அஞ்சிய முதலீட்டாளர்கள் ஏனைய நிதி நிறுவனங்களுக்கும் கொடுக்கத் தயங்க, மக்களுக்கான வாகனக் கடன்களும் சுருங்கின.

ஆகவே மாணவிகளே, பொருளாதாரத்தின் நாடி பார்க்கக் கடனின் அளவு மட்டும் போதாது. எதற்கு வாங்கினர், எந்த வட்டியில், எதைக்கொண்டு தீர்ப்பர் என்றும் கேளுங்கள்.