பழைய மோட்டார் சைக்கிளைப் பேணலும் ஊர்தலும்

ஓய்வுப் பொழுதினைப் பயனுறக் கழித்தற்கு மக்கள் மேற்கொள்ளும் தொழில்கள் பலவாம். தோட்டமிடுவார் சிலர், தபால் தலை தொகுப்பார் சிலர், இசை பயில்வார் சிலர். பழைய மோட்டார் சைக்கிளைப் பேணி ஊர்தலும் அவ்வகையைச் சார்ந்ததே. இதனைச் செல்வர்தம் வீண் விளையாட்டென இகழ்வாரும் உளர். நாற்சந்தியிற் பெருமுழக்கஞ் செய்து பிறர் செவியை வருத்தும் இளைஞரைக் கண்டு அவர் அங்ஙனம் கருதுவாராயின், அவர்மேற் குற்றமில்லை. யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது அம்முழக்கத்தைப் பற்றியதன்று. பழைய இயந்திரமொன்றைத் தன் கையாற் பேணுபவன் பெறும் கல்வி யாது, அதனைப் பெறும் முறை யாது என்பனவே இக்கட்டுரையின் பொருளாம்.

1. வண்டியின் வரலாறு

நம் நாட்டில் பழைய மோட்டார் சைக்கிள் என்றவுடன் பலர் நினைவிற்கு வருவது புல்லட் வண்டியே. அது பிறந்தது இங்கிலாந்தில். ரெட்டிச் என்னும் ஊரில் ராயல் என்பீல்டு நிறுவனத்தார் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தனர். புல்லட் என்னும் பெயர் 1932-இல் வழங்கத் தொடங்கிற்று. 1950-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியென நம் இராணுவத்தார் இதனைத் தெரிந்துகொண்டனர். 1955-இல் ரெட்டிச் நிறுவனத்தாரும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி என்பீல்டு இந்தியா நிறுவனத்தை அமைக்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த உறுப்புக்களை இங்குப் பூட்டினர். பின்னர் உறுப்புக்களையும் இங்கேயே செய்யலாயினர்.

காலத்தின் விளையாட்டு வியக்கத்தக்கது. தாய் நிறுவனம் 1970-இல் இங்கிலாந்தில் மறைந்தது. சேயோ திருவொற்றியூரில் வளர்ந்தது. 1977-இல் இங்குச் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. 1994-இல் இந்நிறுவனம் ஐஷர் நிறுவனத்தோடு இணைந்தது. 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் தோன்றின. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 2010-ஆம் ஆண்டளவில் வழக்கொழிந்தது. எனவே, அவ்வகை வண்டி இன்று யாரிடமிருப்பினும், அது மீண்டும் செய்யப்படாத பொருள் என்பதை அவர் உணர்தல் வேண்டும்.

2. எஞ்சின் இயங்குமாறு

பேணுதற்கு முன் அறிதல் வேண்டும். புல்லட் வண்டியில் ஒரே சிலிண்டர் உண்டு. அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் காணும் வாய்பாட்டை அறிந்த மாணவர் இதனைத் தாமே கணக்கிடலாம்: 3.5 செ.மீ. ஆரத்தை அதனாலேயே பெருக்கி, 3.1416-ஆலும், 9 செ.மீ. நீளத்தாலும் பெருக்கினால் 346 கன சென்டிமீட்டர் வரும். '350' என்று வழங்குவது இதனையே.

பிஸ்டன் நான்கு முறை இயங்கி ஒரு தொழிலை முடிக்கும். முதலிற் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுக்கும். அடுத்து அதனை நெருக்கும். பின்னர்ப் பிளக்கின் பொறியால் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். இறுதியில் எரிந்த புகை வெளியேறும். இந்நான்கிற்கும் கிராங்கு இரு முறை சுழலும். நிமிடத்திற்கு 3,000 சுழற்சி எனின், வினாடிக்கு 25 முறை கலவை எரிகின்றது. அத்தனை முறையும் பிளக்கில் உரிய நொடியிற் பொறி தோன்றல் வேண்டும். அத்தனை தாக்கையும் கனெக்டிங் ராடின் அடியிலுள்ள புஷ், எண்ணெயின் துணைகொண்டு தாங்கல் வேண்டும். அவ்வெண்ணெய்ப் படலம் தலைமயிரினும் மெல்லியது. அஃதொன்றே இரும்பை இரும்பு தின்னாமற் காப்பது. இதனை யாம் நூலிற் படித்திருந்தோம்; ஆயினும் உணர்ந்தோமில்லை. உணர்த்தியது வெள்ளம்.

3. வெள்ளத்திற் கற்ற பாடம்

எந்தையார் 1971-இல் வாங்கிய புல்லட் ஒன்று முடிச்சூரிலுள்ள எம் இல்லத்தில் இருந்தது. அவர் மறைந்தபின் அதனை அவ்வப்போது துடைத்து வைத்தலன்றி யாம் வேறொன்றும் செய்தோமல்லோம். 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்திற் பெய்த பெருமழையில் அடையாறு கரைபுரண்டு, முடிச்சூரும் வரதராசபுரமும் நீருள் மூழ்கின. எம் வண்டியும் இரண்டு நாள் நீரினுள் நின்றது.

நீர் வடிந்ததும், எந்தையார் வண்டி உயிரோடிருக்கின்றதா என்று அறியும் ஆவல் எம்மை உந்திற்று. பிளக்கைக் கழற்றித் துடைத்தோம்; கார்புரேட்டரைக் கழுவினோம்; புதுப் பெட்ரோல் வார்த்து உதைத்தோம். நெடுநேரம் உதைத்தபின் வண்டி முழங்கிற்று. எம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. தெருவிலுள்ளார் கைதட்ட, தாம்பரம் வரை ஊர்ந்து மீண்டோம். நான்காம் நாள் எஞ்சினின் அடியிலிருந்து தட்டுமொலி கேட்கத் தொடங்கிற்று. அருகிலிருந்த பட்டறையொன்றிற் காட்டினோம். பழைய இரும்பு விலைக்குப் போடுதலே நலம் என்றனர்.

மனமொப்பாது, மேற்குத் தாம்பரத்தில் முதுமையால் தொழிலை விட்டிருந்த மெக்கானிக் ஒருவரை நாடினோம். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. வெள்ளத்திற்குப் பின் என்னென்ன செய்தோம் என்று வரிசையாகக் கேட்டார். பின்னர்த் திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, அதன் பிடியில் தம் காதை வைத்துச் சிறிதுநேரம் கேட்டார். கீழேயுள்ள திருகைக் கழற்றினார். பால்போல் வெளுத்த எண்ணெய் ஒழுகிற்று.

காரணத்தை அவர் விளக்கினார். இவ்வண்டியில் எண்ணெய் எஞ்சினோடு சேர்ந்த ஓர் அறையில் நிற்பது. பம்பு அதனை அடியிலிருந்து எடுத்து அனுப்புவது. நீர் எண்ணெயினும் கனமானது ஆதலின் அடியிற் சென்று தங்கிற்று. யாம் உதைத்த ஒவ்வோர் உதையும், ஊர்ந்த ஒவ்வொரு கல்லும், எண்ணெய்க்கு மாறாக நீர் கலந்த குழம்பையே புஷ்ஷிற்கு ஊட்டின. வெள்ளம் வண்டியைக் கெடுத்ததன்று. வெள்ளத்தின்பின் உதைத்த எம் கால்களே கெடுத்தன. உதைக்கும் முன்னர் எண்ணெயை வடித்து, டீசலால் அலசிப் புதிது வார்த்திருப்போமாயின் புஷ் பிழைத்திருக்கும்.

அன்றிரவு எந்தையாரின் மர அலமாரியில், நீர் எட்டாத மேற்றட்டில், ஒரு குறிப்பேடு கிடைத்தது. எண்ணெய் மாற்றிய நாளும் அன்று வண்டி ஓடியிருந்த தொலைவும் 1971 முதல் ஒன்றுவிடாது எழுதப்பட்டிருந்தன. அவர் முப்பதாண்டுக்கு மேற் காத்ததனை யாம் நான்கு நாளிற் கெடுத்தோம். இதனை எழுதுதல் எமக்குப் பெருமையன்று. படிப்பார்க்குப் பயன்படுமென்றே எழுதுகின்றோம்.

முதியவர் வேலையைத் தாம் செய்ய இசைந்திலர், எம்மைச் செய்வித்தார். ஞாயிறுதோறும் எஞ்சினைப் பிரித்தோம். கழற்றிய ஒவ்வொன்றையும் பெயரெழுதிப் பெட்டியிலிட்டோம். வேண்டிய உறுப்புக்களை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடினோம். கோடையில் வண்டி மீண்டும் ஓடிற்று.

4. பேணுமுறை

முதியவரிடம் கற்றவற்றுள் தொடக்க மாணவர்க்கு வேண்டியன சில கூறுவாம்.

எண்ணெயே முதல். நம் நாட்டு வெப்பத்திற்கு 20-50 என்னும் தரமுள்ள எண்ணெய் ஏற்றது. தொலைவு குறைவாக ஓடினும், மழைக்காலம் கழிந்தவுடன் அதனை மாற்றுதல் நன்று. வடித்த எண்ணெயை வெயிலிற் பார்த்தல் வேண்டும்: வெளுத்திருப்பின் நீர், மின்னுமாயின் உலோகத்தூள்.

அடுத்தது பொறி. பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இவற்றை அளவுத் தகட்டாற் பார்க்க வேண்டுமேயன்றிக் கண்ணால் மதித்தல் ஆகாது.

மூன்றாவது டாப்பெட். எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போது, வால்வுகள் மூடிய நிலையில், தள்ளுகோலை விரலால் உருட்டின் எளிதிற் சுழல வேண்டும். மேலுங்கீழும் அசைதல் கூடாது.

நான்காவது பெட்ரோல். இக்காலத்துப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகின்றது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களை நெகிழ்விக்கும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் இத்தீங்கு மிகும். ஆதலின் குழாய்களைப் புதியனவாக மாற்றுக. நெடுநாள் நிறுத்த நேரின் கார்புரேட்டரை வடித்துவிடுக.

பிறிதொன்று. பழுது கண்டவுடன் உறுப்பை மாற்றற்க. முதலிற் காரணம் காண்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பயனை நோக்குக. இரண்டை ஒருங்கே மாற்றின் எதனால் குணமாயிற்று என்று அறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் கற்பிப்பதும் இதுவேயன்றோ?

5. ஊருமுறை

பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியன. இக்கால வண்டியிற் பழகியவர் இடர் நேருங்கால் பிரேக்கென்று எண்ணிக் கியரை மிதிப்பர். ஆதலின் வெறுந்திடலிற் பழகிய பின்னரே சாலைக்குச் செல்க.

உதைத்தற்கும் முறையுண்டு. சாவியைத் திருப்பி, உதைகோலை மெல்ல அழுத்தி, அம்மீட்டரின் முள் நடுவிற்கு வரும் நிலையைக் காண்க. அப்பொழுது டிகம்ப்ரஸ்ஸர் நெம்பை இழுத்துப் பிஸ்டனைச் சிறிதே கடக்கவிட்டு, நெம்பை விடுத்து, உதைகோலை மேலே வரவிட்டு, ஒரே உதையாக முழுதும் உதைக்க. இம்முறை தவறின் வண்டி திருப்பி உதைக்கும்.

ஞாயிறன்று கதிரெழுமுன் புறப்படுதல் சிறந்தது. முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வழியே ஒரகடம் செல்லும் சாலையை யாம் விரும்புகின்றோம். ஆங்குப் புதிய தொழிற்சாலைக்கருகே திருவொற்றியூரிற் பிறந்த முதியதனை நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை ஒரு தேநீர் அருந்தி மீள்வோம். பழைய பிரேக்குகள் இக்கால வண்டிகள் போல் உடன் நில்லா. முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இருமடங்கு இடைவெளி வேண்டும். தலைக்கவசம் இன்றியமையாதது. ஜி.எஸ்.டி. சாலையில் விரைவு காட்டுதல் இவ்வண்டிக்கும் அறிவுக்கும் பொருந்தாது.

சட்டமும் அறிதற்குரியது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல உருவம் மாறாத வண்டிகளை மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு விதிகள் தொன்மை வண்டிகள் எனப் பிரித்து, எண்பலகையில் 'வி.ஏ.' என்னும் எழுத்துக்களை வழங்குகின்றன. அவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு போல்வனவற்றிற்கே சாலையில் ஓட்டலாம். நாள்தோறும் ஊர்தல் ஆகாது. பொதுப்பதிவிலேயே வைத்திருப்போர் 15 ஆண்டு கடந்தபின் 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தல் வேண்டும்.

6. முடிவுரை

உறுப்புக்களைப் பலமுறை மாற்றியபின் எஞ்சுவது பழைய வண்டிதானோ என்று நண்பர் சிலர் வினவுவர். நம் முன்னோர் ஓலை செல்லரித்தபோது புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். ஓலை மாறிற்று, நூல் மாறவில்லை. வண்டியும் அத்தகையதே. ஆனால் ஓலையிருந்தும் படிக்க வல்லார் இலராயின் நூல் இறந்ததாம். அங்ஙனமே, திருப்புளியிற் காதை வைத்துப் பழுதறியும் முதியோர் ஒவ்வொருவராய் ஓய்ந்து வருகின்றனர். அவர் கல்வி நூல்களில் முழுதும் இல்லை. கையிலும் செவியிலும் உள்ளது. அருகிலிருந்து கற்பார் இலரேல் அஃது அவரோடே மறையும். வண்டியை விலைகொடுத்து வாங்கலாம். அக்கல்வியை வாங்குதல் இயலாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரில் மீண்டும் நீர் புகுந்தது. எம் வண்டியை முன்னரே மேட்டில் ஏற்றியிருந்தோம். நீர் வடிந்த மறுநாள் அண்டைவீட்டு மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு எம் வாயிலுக்கு வந்தான். யாம் முதலிற் கேட்டது, "உதைத்தாயா?" என்பதே. "இல்லை, ஐயா, நீங்கள் முன்பு சொன்னது நினைவிருந்தது" என்றான். திருகைக் கழற்றினோம், அடியிலிருந்த நீர் முழுதும் முதலில் வடிந்தது. எண்ணெய் இன்னும் வெளுக்கவில்லை, வண்டி பிழைத்தது.

அம்மாணவன் இப்பொழுது தனக்கென ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றான். எந்தையாரின் ஏட்டில் யாமும் தொடர்ந்து எழுதி வருகின்றோம். மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்தின் மூலையிலும் இத்தகைய வண்டியொன்று தூசு படிந்து நிற்கலாம். அதனை விற்கு முன் ஒருமுறை அதன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டறிக. அதனை ஆக்கவும் திருத்தவும் வல்லார் ஒருவர் பக்கத்திலிருப்பின், அவர் இருக்கும்போதே சென்று கற்க.