முகம் காட்டி அழைக்கும் அட்டை

நுழையும்முன்

இசையைக் காதால் கேட்கிறோம். ஆனால், இசையைப் பற்றிய இதழை முதலில் கண்ணால்தான் காண்கிறோம். ஓசையே இல்லாத தாளில் ஓசையை எவ்வாறு உணர்த்துவது? கடை வழியே செல்லும் ஒருவரை நிறுத்தி, இதழைக் கையில் எடுக்கச் செய்வது எவ்வாறு? ஓவியர்களும் இதழாசிரியர்களும் இவ்வினாக்களுக்குக் கண்ட விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது. அட்டையைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்பதையும் இப்பாடத்தால் அறியலாம்.

கடைத்தெருவில் ஒரு காட்சி

கொச்சியின் மட்டாஞ்சேரி, பல மொழிகள் கூடி வாழும் ஊர். மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் அங்கு அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன. சுக்கும் மிளகும் மணக்கும் அக்கடைத்தெருவில் ஒரு பத்திரிகைக் கடை இருப்பதாகக் கொள்வோம். கடையின் முன் கட்டிய கயிற்றில் பல மொழி இதழ்கள் வரிசையாகத் தொங்குகின்றன. தாயுடன் அவ்வழியே வருகிறாள் ஒரு தமிழ் மாணவி. அவள் வீட்டில் தமிழ் பேசுபவள். ஆயினும், தமிழைப் படிக்கும்போது எழுத்துக்கூட்டியே படிப்பாள்.

தொலைவில் வரும்போது அவள் கண்ணில் படுவது எழுத்தன்று, படமே. வீணையின் தந்தி மேல் படிந்த விரல்கள் ஓர் அட்டையில் பெரிதாகத் தெரிகின்றன. அவள் கால்கள் நிற்கின்றன. அருகில் வந்ததும் இதழின் பெயர் தெரிகிறது. சுற்றிலும் மலையாள எழுத்துகள் நிறைந்த தெருவில், அந்தத் தமிழ் எழுத்தின் வளைவுகளைக் கண்டவுடன், ‘இது எங்கள் வீட்டு மொழி’ என்று அவள் உள்ளம் சொல்கிறது. கை இதழை நோக்கி நீள்கிறது.

இங்கு நிகழ்ந்தவை இரண்டு. படம் காலை நிறுத்தியது. எழுத்து கையை நீட்டச் செய்தது. இவ்விரண்டும் நிகழ்வதற்குச் சில நொடிகளே ஆயின. அந்தச் சில நொடிகளுக்காகவே அட்டை வடிவமைக்கப்படுகிறது.

தாளில் ஒரு கேளிகொட்டு

கேரளத்தில் இரவில் கதகளி நடைபெறவிருந்தால், மாலையிலேயே செண்டை, மத்தளம், சேங்கிலை, இலைத்தாளம் ஆகியவற்றை முழக்குவர். இதற்குக் ‘கேளிகொட்டு’ என்று பெயர். ‘இன்றிரவு இவ்விடத்தில் ஆட்டம் உண்டு, வாருங்கள்’ என்பதே அம்முழக்கத்தின் பொருள். கதை இன்னதென அது சொல்வதில்லை; ஆயினும், கேட்டவர் புறப்பட்டுவிடுவர். திருச்சூரில் உள்ள கேரள சங்கீத நாடக அகாதமி வெளியிடும் இதழுக்கும் ‘கேளி’ என்பதே பெயர்.

இசை இதழின் அட்டையும் இத்தகைய கேளிகொட்டே. உள்ளே உள்ள அனைத்தையும் அது சொல்லிவிடுவதில்லை. யாரை அழைக்கிறோம், எதற்கு அழைக்கிறோம் என்பதை மட்டும் உணர்த்தி நின்றுவிடுகிறது.

அட்டையின் உறுப்புகள்

அட்டையின் முதல் உறுப்பு இதழின் பெயர். கடையில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கும்போது, பெரும்பாலும் மேற்பகுதி மட்டுமே வெளியில் தெரியும். அதனால்தான் பெயரை மேலே பெரிதாக அமைக்கின்றனர். அந்த எழுத்தின் வடிவம் இதழ்தோறும் மாறுவதில்லை. நண்பரின் முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண்பதுபோல, வாசகர் அவ்வடிவத்தைக் கொண்டே தம் இதழைக் கண்டுகொள்கிறார்.

இரண்டாம் உறுப்பு முதன்மைப் படம். படத்தில் உள்ளவரின் கண்கள் நேரே நோக்கினால், அவர் நம்முடனேயே பேசுவதுபோல் தோன்றும். கண்களை மூடிப் பாடுபவரின் படமாயின், நாம் அவருடைய இசைக்குள் மெல்ல நுழைவதுபோல் தோன்றும். எவ்வகைப் படத்தைத் தேர்வது என்பதிலேயே இதழின் இயல்பு வெளிப்பட்டுவிடுகிறது.

மூன்றாம் உறுப்பு வண்ணம். மார்கழி இசை விழாச் சிறப்பிதழ்களில் மஞ்சள், குங்குமச் சிவப்பு, பட்டுச் சரிகையின் பொன்னிறம் ஆகியவை மிகுதியாக இடம்பெறும். அவ்வண்ணங்கள் கோயிலையும் திருமணப் பந்தலையும் நினைவூட்டுவன. மின்கித்தாரின் முழக்கத்தைப் போற்றும் ராக் இசை இதழ்களோ கறுப்பையும் அடர்சிவப்பையும் விரும்புகின்றன.

நான்காம் உறுப்பு அட்டைவரிகள். உள்ளே இருக்கும் கட்டுரைகளை ஓரிரு சொற்களில் சுட்டும் வரிகள் இவை. முழுவதும் சொல்லிவிட்டால் ஆவல் தீர்ந்துவிடும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஆவலே பிறக்காது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பதே நல்ல அட்டைவரி.

பெயரே பாதி அழைப்பு

சென்னையிலிருந்து 1983 அக்டோபரில் ‘சுருதி’ என்னும் திங்களிதழ் வெளிவரத் தொடங்கியது. இசைக்கும் நடனத்துக்கும் உரிய அந்த ஆங்கில இதழைத் தொடங்கியவர் என். பட்டாபிராமன். கச்சேரியில் பாடகர் முதலில் சேர்த்துக்கொள்வது சுருதியையே. அது நிலைபெற்ற பின்னரே பாட்டு எழும். ‘இங்கு ஆரவாரம் இல்லை, அமைதியாக அமர்ந்து கேட்போர்க்கு உரியது இது’ என்று அப்பெயரே குறிப்பால் உணர்த்துகிறது.

இங்கிலாந்தில் 1981இல் தோன்றிய ‘கெராங்’ என்னும் இதழை இதனோடு ஒப்பிடலாம். மின்கித்தாரின் தந்திகளை ஓங்கி மீட்டும்போது எழும் ஓசையே அவ்விதழின் பெயர். அதன் தலைப்பெழுத்துகள் கண்ணாடி விரிசல் விட்டதுபோல் அமைந்தவை. பெயரைப் பார்த்தாலே காதில் முழக்கம் கேட்கிறது. இவ்விரண்டு இதழ்களும் இசையைப் பற்றியனவே; ஆனால் அழைக்கும் கூட்டம் வேறு, அதனால் அழைக்கும் குரலும் வேறு.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1967 நவம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் பிறந்தது. அதன் முதல் அட்டையில் பாடகர் ஜான் லெனான் காட்சியளித்தார். ஆனால், அவர் கையில் கித்தார் இல்லை. தலையில் போர்வீரரின் தலைக்கவசம் இருந்தது. போரை எள்ளி நகையாடும் திரைப்படம் ஒன்றில் அவர் நடித்த காட்சி அது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ‘இவ்விதழ் பாட்டை மட்டுமன்று, பாட்டு பிறக்கும் காலத்தையும் பேசும்’ என்பதை இளைஞர்கள் அந்த ஒரு படத்தாலேயே உணர முடிந்தது.

தமிழ் இதழ்களில் இசையின் முகம்

தமிழில் இசைக்கெனத் தனி இதழ்கள் நிலைபெறுவதற்கு முன்பே, பொதுவான வார இதழ்கள் இசையைத் தோளில் சுமந்தன. 1930களில் ‘ஆனந்த விகடன்’ இதழில் ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதினார். அவ்விதழில் மாலி என்னும் ஓவியர் இசைக்கலைஞர்களைக் கேலிச்சித்திரங்களாகத் தீட்டினார். பாடும்போது கை உயர்வதையும், முகம் கோணுவதையும், குடுமி அவிழ்வதையும் சில கோடுகளில் பிடித்துவிடுவதே இத்தகைய சித்திரத்தின் கலை. கச்சேரிக்குச் சென்றிராதவரும் அதனைக் கண்டு சிரிக்கலாம். சிரித்தபின் அக்கலைஞரின் பாட்டைக் கேட்கவும் விரும்பலாம்.

1941இல் ‘கல்கி’ இதழ் தோன்றியது. அதற்கு வேண்டிய பொருளைத் திரட்டுவதற்காக எம். எஸ். சுப்புலட்சுமி, ‘சாவித்திரி’ திரைப்படத்தில் நாரதராக வேடமேற்று நடித்தார். ஒரு பாடகியின் குரலே ஓர் இதழுக்கு முதலாயிற்று. தமிழ்ப்பாடல்கள் மேடைகளில் உரிய இடம் பெற வேண்டும் என்று எழுந்த தமிழிசை இயக்கத்துக்கு அவ்விதழ் துணை நின்றது.

1950களில் கொத்தமங்கலம் சுப்பு, ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை ‘தில்லானா மோகனாம்பாள்’. அதன் தலைவர் சிக்கல் சண்முகசுந்தரம் என்னும் நாகசுரக் கலைஞர். அக்கதைக்கு ஓவியம் தீட்டியவர் தஞ்சையில் பிறந்த கோபுலு. கோயில் வாயிலிலும் ஊர்வலத்திலும் நின்றபடி வாசிக்கும் கலைஞர், கோபுலுவின் கோடுகளால் வாரந்தோறும் வீடுகளுக்குள் வந்தார். 1968இல் அக்கதை திரைப்படமாவதற்கு முன்பே, வாசகர்க்கு அவர் அறிமுகமான முகமாகிவிட்டார்.

வெள்ளித்திரையின் சிற்றிதழ்

1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அக்காலப் படங்கள் பாட்டுகளால் நிறைந்திருந்தன. எனவே, திரையரங்குகளில் பாட்டுப் புத்தகங்கள் சில அணாக்களுக்கு விற்கப்பட்டன. மெல்லிய தாளில் பாடல்வரிகளும் கதைச்சுருக்கமும் இருக்கும். கதை உச்சத்தை எட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பது வழக்கம். உள்தாள் எளிமையாக இருந்தாலும், முகப்பில் நடிகர் நடிகையரின் படம் எடுப்பாக அமைந்திருக்கும். படம் பார்த்தவர், வீடு திரும்பியபின் பாடுவதற்காக அதனை வாங்கினார். பார்க்காதவர் முகப்பைக் கண்டு ஆவல் கொண்டார்.

மலையாளத்திலும் இவ்வழக்கம் பரவியது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தது சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. இசையும் படமும் மொழி எல்லையைத் தாண்டிப் பயணம் செய்வன.

தெரிந்து தெளிவோம்

முற்காலத்தில் இசைத்தட்டுகள் பெரும்பாலும் படமில்லாத பழுப்புநிற உறைகளில் விற்கப்பட்டன. 1940இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டெயின்வைஸ் என்னும் வடிவமைப்பாளர், உறைமீது ஓவியம் தீட்டும் முறையைப் புகுத்தினார். அதன்பின் இசைத்தட்டும் தன் முகத்தைக் காட்டி விற்கும் பொருளாயிற்று.

அட்டை காட்டாதவை

அட்டையில் இடம் சிறிது. ஒருவரைக் காட்டினால் மற்றவரைக் காட்ட இயலாது. கச்சேரி மேடையில் பாடகரோடு வயலின், மிருதங்கம், கடம், தம்புரா ஆகியவற்றை இசைப்போரும் அமர்ந்திருப்பர். அட்டையிலோ பெரும்பாலும் பாடகர் ஒருவரின் முகமே மலர்கிறது. நாகசுரத்தோடு தோளில் தவிலைச் சுமந்து முழக்கியவர், ஊர்த்திருவிழாவில் பறை அறைந்தவர், மகளுக்குத் தாலாட்டுப் பாடிய தாய் ஆகியோரும் இசை வளர்த்தவர்களே. அவர்கள் முகம் அட்டையில் எத்தனை முறை வந்துள்ளது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அட்டையில் வந்தவர் பெரியவர், வராதவர் சிறியவர் என்று கண் எளிதில் நம்பிவிடும். யாருடைய இசை மதிக்கத்தக்கது என்னும் தீர்ப்பை, ஒரு சொல்லும் படிக்கும் முன்னரே அட்டை வழங்கிவிடுகிறது. அத்தீர்ப்பு சில வேளைகளில் சரியாக இருக்கலாம். சில வேளைகளில் விற்பனைக்காக மட்டும் எழுதப்பட்டதாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, அட்டையைத் திருப்பி உள்ளே படிப்பது ஒன்றே வழி.

மட்டாஞ்சேரிக் கடைக்கு மீண்டும் வருவோம். அம்மாணவி இதழைப் பிரிக்கிறாள். வீணைக் கலைஞரைப் பற்றிய கட்டுரையின் அடியில், சிறிய எழுத்தில் மிருதங்கம் வாசித்தவரின் பெயர் இருக்கிறது. அவருக்கு அங்குப் படம் இல்லை. மாணவி விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, அப்பெயரை வாய்விட்டுப் படிக்கிறாள். அட்டை அவளை அழைத்தது உண்மை. ஆனால், அட்டை காட்டாத ஒருவரை அவளுக்குக் காட்டியது அவள் கற்ற தமிழ் எழுத்தே.

சொல்லும் பொருளும்

முகப்பு – முன்பக்கம்
புனைபெயர் – எழுத்தாளர் தாமே சூட்டிக்கொள்ளும் பெயர்
எள்ளி – இகழ்ந்து, கேலி செய்து
எடுப்பாக – பளிச்சென்று தோன்றும்படி
முதல் – தொழில் தொடங்கத் தேவைப்படும் பணம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ நூலகத்திலோ உள்ள ஒரு தமிழ் இதழின் அட்டையையும் ஒரு மலையாள இதழின் அட்டையையும் அருகருகே வைத்து, நான்கு உறுப்புகளின் அடிப்படையில் ஒப்பிட்டு எழுதுக.
2. நீங்கள் வாழும் தெருவில் பாடுபவர், முழவு இசைப்பவர், தாலாட்டு அறிந்த முதியவர் எவரேனும் ஒருவரை முதன்மைப் படமாகக் கொண்டு ஓர் இசை இதழின் அட்டையை வரைக. இதழுக்குத் தமிழில் பெயர் சூட்டி, இரண்டு அட்டைவரிகள் எழுதுக.
3. பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றித் தாத்தா, பாட்டி அல்லது அண்டை வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிந்து வகுப்பில் பேசுக.

மதிப்பீடு

குறுவினா
1. கேளிகொட்டு என்பது யாது?
2. இதழின் பெயரை அட்டையின் மேற்பகுதியில் அமைப்பது ஏன்?
3. ‘ஒரு பாடகியின் குரலே ஓர் இதழுக்கு முதலாயிற்று.’ இத்தொடரை விளக்குக.

சிறுவினா
1. ‘சுருதி’, ‘கெராங்’ ஆகிய பெயர்கள் தத்தம் வாசகரை எவ்வாறு அழைக்கின்றன?
2. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் முதல் அட்டை உணர்த்திய கருத்து யாது?

நெடுவினா
‘அட்டை காட்டுவதும் காட்டாததும்’ என்னும் தலைப்பில், பாடக்கருத்துகளோடு உங்கள் கருத்தையும் சேர்த்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.