முனை ஒன்று, கேபிள் பல

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் செல்போன்களுக்கு டைப்-சி முனை கட்டாயம். ஐபோனும் 2023-லேயே மாறிவிட்டது. இனி எந்தக் கேபிளும் போதும் என்பார்கள். போதாது. முனை ஒன்றானாலும் சாதாரண சி-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தாங்கும். 5 ஆம்பியருக்கு முனைக்குள் தனிச் சிப் வேண்டும். எனவே அட்டையில் எத்தனை வாட் என்று பார்த்து வாங்குங்கள். விலை கூடுமே என்றால், பெரும்பாலான போன்களுக்கு 60 வாட்டே தாராளம்; லேப்டாப்புக்கும் சேர்த்து வாங்குபவர்தான் 100-ஐப் பார்க்க வேண்டும்.

மலிவான டார்ச், டிரிம்மர் சிலவற்றில் சி-சி கேபிள் போட்டால் சார்ஜே ஏறாது. உள்ளே இருக்க வேண்டிய இரண்டு சிறு ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் விட்டுவிடுவதே பெரும்பாலும் காரணம். சில காசு மிச்சப்படுத்த வாங்குபவரைத் திண்டாட விடுவது நியாயமே இல்லை. அவற்றுக்காகப் பழைய ஏ-சி கேபிள் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.