கோடு வந்ததும் சென்சாரை மாற்றாதீர்கள்

செவர்லே சில்வராடோ, ஃபோர்டு எஃப்-150 போன்ற வி8 பெட்ரோல் பிக்கப்களில் பொதுவாக நான்கு ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கும். எஞ்சினின் இருபுறமும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் சென்சார் சொல்வதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. பின் சென்சார் கன்வர்ட்டரைக் கண்காணிக்கிறது.

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேனரை மாட்டிக் கோடைப் படியுங்கள். பி0135 என்றால் பேங்க் 1 முன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு. ஃபியூஸைப் பாருங்கள், பிறகு கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்து ஹீட்டர் பின்கள் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சில ஓம்கள் காட்ட வேண்டும். இணைப்பே இல்லையென்று காட்டினால் சென்சார் போய்விட்டது.

பி0171 வேறு கதை. கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. வேக்குவம் ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் காது கொடுங்கள். ‘டிக் டிக்’ என்ற சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கினால் அங்கே கசிவு இருக்கக்கூடும். இந்த வி8களில் மேனிஃபோல்டு போல்ட் முறிவது சகஜம். அந்த இடுக்கு வழியே வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். அதிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் சொல்லும். கம்ப்யூட்டரும் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். இங்கே புதுச் சென்சார் போடுவது பணத்தை வீணாக்குவதுதான்.

சென்சார் பழைய சிர்கோனியா வகையானால் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஸ்கேனரில் வோல்டேஜைக் கவனியுங்கள். முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். பின் சென்சார் ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும்.

மாற்றியே ஆகவேண்டுமா? ஒன்றாம் சிலிண்டர் உள்ள பக்கம்தான் பேங்க் 1. அமெரிக்க சில்வராடோ வி8-இல் அது ஓட்டுநர் பக்கம், எஃப்-150 வி8-இல் பயணி பக்கம். இதில் குழம்பி, நன்றாயிருந்த சென்சாரைக் கழற்றியவர்கள் பலர்.

சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன் போன்ற மாநிலங்களில் மரை துருவேறி இறுகியிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, வண்டியை ஜாக் ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, கையுறையோடு இறங்குங்கள். ஒயருக்கு வெட்டு விட்ட 22 மில்லிமீட்டர் சாக்கெட் போதும். பாதியில் இறுகினால் பலம் காட்டாமல், முன்னும் பின்னுமாகத் திருப்பி எடுங்கள்.

புதியதைக் கையால் மரை பிடிக்கவைத்து, மேனுவல் சொல்லும் டார்க்கில் முடுக்குங்கள். ஆன்டி-சீஸ் பசை மரையில் மட்டும். பல சென்சார்களில் அது தடவியே வரும். முனையில் பசை படக்கூடாது. கனெக்டரில் கிரீஸ் வேண்டாம்: பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயர் வழியேதான் பெறுகின்றன.

கோடை அழித்தால் வண்டியின் சுயசோதனைப் பதிவுகளும் அழிந்துவிடும். சில நாள் ஓட்டி, ஸ்கேனரில் அந்தச் சோதனைகள் முடிந்ததைப் பார்த்த பிறகே புகைச் சோதனைக்குப் போங்கள்.